சன்னல் பக்கத்துச் சக்கரம்

எண்ணெய்த் தட்டைக் காலால் தள்ளிவிட்டுத் தரையைப் பெருக்கலாம் என்று போனவள், கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

தட்டு கதவோரம் கிடந்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் எண்ணெய்த் தட்டு இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். எஞ்சின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கும். "சொட்டலைன்னாதான் சார் பயப்படணும். உள்ளே எண்ணெயே இல்லைன்னு அர்த்தம்" என்று அவள் அண்ணன் சொல்லிச் சொல்லி, அந்தக் குறையையே வண்டியின் பெருமையாக்கி வைத்திருந்தான்.

ஆனால் எஞ்சின் இருப்பது வண்டியின் மூக்கில். தட்டு கதவோரம் கிடக்கிறது என்றால், இப்போதுதான் கிளம்பிப் போன பல் டாக்டரின் பச்சை வண்டி இத்தனை நாளும் கதவைப் பார்த்து நின்றிருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் தட்டை வைத்தது உள்சுவரோரம்.

துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

அந்தப் பட்டறையில் இடது, வலது என்ற பேச்சே கிடையாது. அண்ணனும் தங்கையும் வண்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று வேலை செய்பவர்கள். "இடது பக்கம்னா உன் இடதா, என் இடதா?" என்று தினம் ஒரு சண்டை. அந்தச் சண்டைக்கு முற்றுப்புள்ளியாக அவள்தான் ஒரு சட்டம் போட்டாள். கொட்டகையின் ஒரு பக்கம் சன்னல் இருக்கிறது, மறுபக்கம் வெறும் சுவர். கழற்றும் சாமான் எதுவானாலும் 'சன்னல்' அல்லது 'சுவர்' என்று அட்டை கட்டித் தொங்கவிட வேண்டும். வண்டிகள் எப்போதும் மூக்கை நீட்டிக்கொண்டுதான் உள்ளே வரும். எட்டு வருடமாக இந்தச் சட்டம் ஒரு தடவைகூடக் காலை வாரியதில்லை.

பச்சை வண்டியின் பின்சக்கரங்கள் உட்காரும் குடமான ஹப் இரண்டையும் அவள் கழற்றி அட்டை கட்டியது, வண்டி மூக்கை உள்ளே வைத்து நின்றபோது. பிறகு வண்டி பெயின்டு அடிக்கப் போயிற்று. பத்து நாளைக்கு முன்னால் பெயின்டர் அதை லாரியில் கொண்டுவந்து, இறக்கின வாக்கிலேயே, தள்ளுவண்டியில் வைத்தபடி, பின்புறமாக உள்ளே தள்ளிவிட்டுப் போனான். அவள் 'சன்னல்' அட்டை கட்டிய ஹப்பைச் சன்னல் பக்கம் மாட்டினாள். 'சுவர்' அட்டை கட்டியதைச் சுவர்ப் பக்கம் மாட்டினாள்.

ஹப்புகள் இடம் மாறிவிட்டன.

சாதாரணக் கார் என்றால் போனால் போகிறது என்று விடலாம். இது கம்பிச் சக்கர வண்டி. நான்கைந்து போல்ட் கிடையாது. ஒரு சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு நட்டு. முயல் காது மாதிரி இரண்டு காது வைத்த பெரிய நட்டு. அதைச் செம்புச் சுத்தியலால் தட்டித்தான் இறுக்குவார்கள். ஹப்பிலும் நட்டிலும் ஒரு பக்கத்துக்கு வலம் சுற்றும் நேர் மரை, மறுபக்கத்துக்கு இடம் சுற்றும் எதிர் மரை. அப்படி இருந்தால்தான் ஓட ஓட நட்டு தானாக இறுகும். மாற்றி மாட்டினால் ஓட ஓடக் கழலும்.

காலையில் அவள் அந்த நட்டுகளைத் தட்டியபோது சுத்தியல் வண்டியின் மூக்கை நோக்கிப் போனது. எப்போதும் பின்பக்கம் நோக்கிப் போகும் கை. கைக்குத் தெரிந்திருக்கிறது. வாய்தான் சண்டையில் இருந்தது.

"கிளம்பறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை பார்த்துடறேனே" என்றான் அண்ணன்.

"நான் மாட்டினதை நீ பார்க்கணுமா? எட்டு வருஷத்துல ஒரு நட்டு கழண்டிருக்கா? பார்த்தியோ, கையை ஒடிப்பேன்."

"தாயே, பார்க்கலை, விட்டுடு. நட்டுல 'கழற்றும் பக்கம்'னு அம்புக்குறி போட்டிருக்குமே, அதைக் காணோமேன்னு பார்த்தேன்."

"மெருகு போட்டவன் பளபளப்பா இருக்கணும்னு எழுத்தையும் சேர்த்துத் தேய்ச்சுட்டான். உனக்கு வண்டி ஓட்டணுமா, எழுத்துக் கூட்டிப் படிக்கணுமா?"

அவன் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தான். முற்றத்தில் இரண்டு சுற்று சுற்றிக் காட்டினான். "பக்கா!" என்று அவளே கட்டை விரலை உயர்த்தினாள். மலை உச்சியில் இருக்கும் பல் டாக்டர் வீட்டில் பன்னிரண்டு மணிக்குள் வண்டியை விட்டாக வேண்டும். கிளம்பும் நேரத்தில் அவளுடைய பத்து வயது மகள் ஓடி வந்து பக்கத்து இருக்கையில் குதித்தாள். வீட்டில் அவளுக்குப் பெயரே வாயாடி.

"மாமா, நானும் வரேன். மேலே கூரை இல்லாத வண்டில போனா தலைமுடி பறக்குமாமே?"

"முடி மட்டுமா? உன் வாய் பேச்சும் காத்துல பறந்துடும். எனக்கு நிம்மதி."

அவர்கள் போய் இருபது நிமிடம் ஆயிற்று.

அவள் போனை எடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். அதே மணி. வண்டி ஓட்டும்போது போனை எடுத்தால் கையை ஒடிப்பேன் என்று அண்ணனுக்குக் கட்டளை போட்டவளும் அவள்தான். இந்த உலகத்தில் அவள் பேச்சை அவன் தட்டாமல் கேட்கும் ஒரே விஷயம் அது.

வாசலில் ரொட்டி வேன் வந்து நின்றது. கடைகளுக்கு ரொட்டி போட்டுவிட்டுத் தினமும் பத்து மணிக்கு டீ குடிக்க வரும் அவள் கணவர் இறங்கினார். ரொட்டிக்காரர் என்றால் ஊருக்கே தெரியும். ஆமை என்றால் மைத்துனருக்கு மட்டும் புரியும். நாற்பதுக்கு மேல் அவர் வேன் போய் யாரும் பார்த்ததில்லை. "மாப்ளே, உங்க ரொட்டி வண்டி எந்தக் காலத்திலயாவது என் வண்டியை முந்திச்சுன்னா, அன்னிக்கே நான் மீசையை எடுத்துடறேன்" என்று பந்தயமே கட்டியிருந்தான் அண்ணன்.

"என்ன, முகம் வெளுத்துக் கிடக்கு?"

"வேனைத் திருப்புங்க."

"டீ...?"

"திருப்புங்கன்னா!"

அவர் மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருப்பினார். அவள் ஜாக்கியையும் செம்புச் சுத்தியலையும் பின்னால் வீசிவிட்டு ஏறினாள். போகிற வழியில்தான் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. வேகமுள் மட்டும் அறுபதைத் தாண்டியிருந்தது. பின்னால் ரொட்டித் தட்டுகள் கலகலவென்று அடித்துக்கொண்டன.

"சமதரையில ஒண்ணும் ஆகாதில்லை?" என்றார்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் கழலும். எத்தனை தூரம் தாங்கும்னு தெரியலை."

"அவன் மலை ஏறறதுக்கு முன்னாடி பெட்ரோல் பங்க்ல நிப்பான். பழைய காரைப் பார்த்தா கூட்டம் கூடும். கூட்டம் கூடினா பானட்டைத் திறந்து காட்டாம வர மாட்டான். அங்கேயே பிடிச்சுடலாம்."

கணவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்துக்குள்ளிருந்து வேறொன்று தலைநீட்டியது.

பங்க்கில் நின்றால் அண்ணன் இன்னொன்றும் செய்வான். மலை ஏறும் முன் ஒவ்வொரு சக்கரத்து நட்டையும் ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்பது அவள் கற்றுக் கொடுத்த பழக்கம். மேலே இருக்கும் காதைப் பின்பக்கம் நோக்கித் தட்டு, கண்ணை மூடிக்கொண்டு தட்டலாம், நாலு சக்கரத்துக்கும் அதே கணக்குதான் என்று சொன்னவளும் அவளே. மற்ற நாளில் அது உயிர் காக்கும் பழக்கம். இன்றைக்குப் பின்சக்கரம் இரண்டிலும் அந்தத் தட்டு, நட்டைக் கழற்றும் தட்டு.

"இன்னும் வேகமா போங்க" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை.

மலையடிவாரத்துப் பங்க்கில் பச்சை வண்டி இல்லை. அது நின்ற இடத்தில் நான்கு சொட்டு எண்ணெய்தான் இருந்தது. பெட்ரோல் அடிக்கும் பெண்ணிடம் ஓடினாள்.

"பச்சைக் கார், கூரை இல்லாதது..."

"இப்பத்தானே போச்சு. அஞ்சு நிமிஷம் இருக்கும். அந்தப் பாப்பா என்ன பேச்சு பேசுது! பின்னாடி டிக் டிக்னு ஏதோ சத்தம் வருதுன்னு நான்தான் சொன்னேன். உடனே டிக்கில இருந்து சுத்தியலை எடுத்து நாலு சக்கரத்தையும் தட்டினாரு. 'என் தங்கச்சி சொல்லிக் கொடுத்தது. தட்டாம மலை ஏற மாட்டேன்'னு பெருமையா சொன்னாரு."

"எப்படித் தட்டினாரு? எந்தப் பக்கமா?"

அந்தப் பெண் கையைச் சுத்தியல் மாதிரி ஓங்கிப் பின்பக்கமாகத் தட்டிக் காட்டினாள். "இப்படி. ஒவ்வொண்ணுக்கும் மூணு தட்டு."

அவள் திரும்பி ஓடி வேனில் ஏறினாள்.

மலைப்பாதைக்குப் பதினெட்டு வளைவு. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் முழங்கால் உயரத்துக் கல் வரிசை. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, மரங்களின் உச்சி மட்டும் கீழே தெரியும். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு வளைவிலும் கல் வரிசை முழுசாக இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே வந்தாள். நான்காவது வளைவில் ஒரு கல் பெயர்ந்து கிடந்ததைப் பார்த்து அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அது பழசு. கல்லு மேல பாசி பார்" என்றார் கணவர். தினமும் அந்த வழியே ரொட்டி கொண்டுபோகிறவருக்குக் கல் கணக்குத் தெரியும்.

ஏழாவது வளைவைத் தாண்டியதும் பச்சை தெரிந்தது. ஓர் அடுக்கு மேலே, வெயிலில் பளபளவென்று, மகளின் சிவப்பு ரிப்பன் காற்றில் ஆடிக்கொண்டிருக்க, வண்டி ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஹாரனை அழுத்தினார். ரொட்டி வேனின் ஹாரன் சாதாரண ஹாரன் இல்லை. வீட்டு வாசல்களுக்குப் பெண்களை அழைக்கும் ஐந்து சுரம். பள்ளத்தில் இறங்கி எதிர்மலையில் முட்டி, இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

மேலே சிவப்பு ரிப்பன் திரும்பியது. மகள் எழுந்து கையை ஆட்டினாள். அண்ணனும் திரும்பிப் பார்த்தான். கீழே, இத்தனை வேகத்தில், தன்னைத் துரத்திக்கொண்டு மாப்பிள்ளையின் ரொட்டி வேன்!

அவன் ஒரு கையால் மீசையை முறுக்கிக் காட்டினான். அடுத்த நொடி சைலன்சர் உறுமியது. பச்சை வண்டி துள்ளிக்கொண்டு பறந்தது.

"ஐயோ, பந்தயம்னு நினைச்சுட்டான்!"

அவள் கண் அந்தப் பின்சக்கரத்தின் மேலேயே இருந்தது. வெயிலில் மின்னும் கம்பிகள் ஒரே வட்டமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. தலையாட்டிப் பொம்மை மாதிரி, உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்று மெல்ல ஆடிக்கொண்டு சுற்றியது. வண்டி பாறைக்குப் பின்னால் மறைந்தது.

"அமுக்குங்க! விடாதீங்க! துரத்துங்க!"

அவர் பிரேக்கை அழுத்தினார்.

வேன் ஓரமாக நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

"என்ன பண்றீங்க? பைத்தியமா பிடிச்சுது? என் பொண்ணு அங்கே..."

"என் பொண்ணும்தான்" என்றார் அவர். "துரத்தினா ஓடுவான். நாம நின்னாதான் அவன் நிப்பான்."

முன்னால் போய் வேனின் பானட்டைத் தூக்கி நிறுத்தினார். கம்பை முட்டுக் கொடுத்தார். ஒரு துணியை எடுத்து எஞ்சினுக்கு மேலே ஆட்டினார், ஆவி விலக்குவது போல.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் குடும்பத்தில் யாரும், அவசரமாக எங்கே போனாலும், பானட் தூக்கி நிற்கும் வண்டியைக் கடந்து போனதில்லை. போக முடியாது. அது ஒரு வியாதி. வரதட்சணையே வாங்காத மாப்பிள்ளைக்கு அவர்கள் கொடுத்த ஒரே சீர் அதுதான். கல்யாணத்தன்று மண்டபத்துக்கு வரும் வழியில் யாரோ ஒருவருடைய வண்டியைப் பார்த்து நின்று, அண்ணன் கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தான்.

ஆனால் அதற்கு அவன் திரும்பிப் பார்க்க வேண்டுமே. ஒன்பதாவது வளைவில் பாதை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து கீழே பார்த்தால் இந்த இடம் தெரியும். அங்கே போய்ச் சேரும்வரை அந்த நட்டு தாங்க வேண்டும்.

அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. சைலன்சர் சத்தம் பாறைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. பதினொன்று, பன்னிரண்டு. சத்தம் நின்றால் கல் வரிசையில் மோதும் சத்தம் வருமா? பத்தொன்பது. சத்தம் ஏறியது. இருபத்திமூன்றில் சத்தம் தாழ்ந்தது. தாழ்ந்து, முனகலாகி, நின்றே போயிற்று.

மேலே ஒன்பதாவது வளைவில் பச்சை மூக்கு எட்டிப் பார்த்தது. அண்ணன் எழுந்து நின்று கீழே பார்த்தான். வாயைக் குவித்துக் கத்தினான்.

"மாப்ளே! ரொட்டி தீஞ்சு போச்சா?"

"வராதே! அங்கேயே நில்லு! இறங்கு!" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். காற்று அதைப் பள்ளத்துக்குள் கொண்டுபோய்க் கொட்டியது. அவன் காதில் கை வைத்துக் காட்டினான், கேட்கவில்லை என்று. பிறகு உட்கார்ந்தான். ஒரு கையை இருக்கையின் முதுகில் போட்டுக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, ரிவர்ஸில் இறங்க ஆரம்பித்தான்.

அவள் ஓடினாள். மேட்டில், செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள். ஓடும்போதே மூளையின் ஒரு மூலை மட்டும் மெக்கானிக்காகவே இருந்தது. பின்னால், பின்னால்தான், என்று அது சொல்லிற்று. அந்த நட்டுகள் தானாக இறுகக்கூடிய ஒரே திசை அதுதான். வா, அண்ணா. இப்படியே வா. திருப்பாதே. முன்னால் போகாதே.

பச்சை வண்டியின் பின்புறம் அவள் விரித்த கைகளில் வந்து மெதுவாக முட்டி நின்றது.

"ஏய், என்ன இது, வண்டிக்குக் குறுக்கே விழறே? புதுப் பெயின்டு!"

"அம்மா! மாமா நூறுல போனாரு! நான்தான் போகச் சொன்னேன்!" என்றாள் வாயாடி.

பின்னாலேயே ஓடி வந்த கணவர் மகளைத் தூக்கிக் கீழே இறக்கி, இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு கல்லைக் காலால் உருட்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அவள் சாலையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, நட்டின் காதில் கை வைத்தாள். சுத்தியல் இல்லாமல் அசையவே கூடாத நட்டு. மூன்று விரலுக்குச் சுற்றியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, இன்னொரு அரைச் சுற்று. பொத்தென்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

சக்கரம் வெறுமனே நின்றுகொண்டிருந்தது, யாரும் பிடிக்காத குழந்தை மாதிரி.

அண்ணன் அதைப் பார்த்தான். கல் வரிசையைப் பார்த்தான். அதற்கு அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்தான். மீசை மட்டும் முறுக்கியபடியே இருந்தது.

"அடுத்த வளைவுல வண்டியை நிறுத்தி இன்னொரு தடவை தட்டலாம்னு இருந்தேன்" என்றான். "டிக் டிக்னு சத்தம் நிக்கவே இல்லை. பங்க்ல நான்தான் சரியா தட்டலை போலிருக்கு. இவ பேச்சைக் கேட்டுக்கிட்டே தட்டினேன். என் தப்புதான். டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

தப்பிக்கக் கதவு திறந்துதான் இருந்தது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரில் அவள் கைக்கு இருக்கும் பெயர் அப்படியே இருக்கும். கணவர் அவளைப் பார்க்கவில்லை. மகளின் ரிப்பனைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"நீ சரியாத்தான் தட்டினே, அண்ணா" என்றாள். "சரியா தட்டினதாலதான் கழண்டுது. ரெண்டு ஹப்பையும் நான் மாத்தி மாட்டிட்டேன். பெயின்டர் வண்டியைத் திருப்பி விட்டிருக்கான். நான் சன்னலைப் பார்த்தேன், வண்டியைப் பார்க்கலை."

அவன் எழுந்து போய்ச் சக்கரத்தின் மேல் கை வைத்துப் பார்த்தான். அவள் அந்தக் காதுகள் உள்ளங்கையில் பதியும் அளவுக்கு நட்டை அழுத்திப் பிடித்திருந்தாள். அவன் திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அந்த நட்டு கழண்டிருந்தா என்ன ஆயிருக்கும், மாமா?" என்றாள் வாயாடி.

அண்ணன் அவள் கையைப் பிடித்துக் கல் வரிசையை விட்டுத் தள்ளி அழைத்துப் போனான்.

லாரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அது வரும்வரை நால்வரும் வேனின் நிழலில் உட்கார்ந்து, மிச்சமிருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள்.

"முந்தலை, ஆனா பந்தயம் நான்தான் ஜெயிச்சேன்" என்றார் ரொட்டிக்காரர் மெல்ல. "மீசை எனக்கு வேண்டாம் மச்சான். வெச்சுக்குங்க."

சாயங்காலம் பட்டறையில் வண்டியை மூக்கு உள்ளே இருக்கும்படி நிறுத்தினார்கள். அவள் ஹப்பைக் கையில் எடுத்தாள். எடுத்துவிட்டு, மாட்டாமல் நின்றாள்.

"அண்ணா, இங்கே வா. நான் மாட்டறதைப் பக்கத்துல நின்னு பாரு."

"பார்த்தா கையை ஒடிப்பேன்னு காலைல சொன்னியே?"

"ஒடிக்கறதுக்கு என் கையில தெம்பு இல்லை" என்றாள். "வந்து பாரேன்."

அவன் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து, சன்னல் பக்கமும் இல்லாமல் சுவர்ப் பக்கமும் இல்லாமல், அவள் தோளை ஒட்டிக் குனிந்து உட்கார்ந்தான்.